நாடோ தூக்கிப் போட்ட மூங்கில்கள்

கெமாலுங் ஊரில் நாடோவுக்கு இருந்த பெருமை அவன் எடுத்து வைத்த மூங்கில்களால் வந்ததல்ல. தூக்கிப் போட்ட மூங்கில்களால் வந்தது. அம்புத்தண்டுக்கென்று நூறு மூங்கிலை அவன் முன்னால் கொண்டுவந்து போட்டால் எண்பதை வீசிவிடுவான். மீதி இருபதையும், விருந்துக்குப் போன இடத்தில் மூன்றாவது கிண்ணச் சாராயத்தை ஏற்றுக்கொள்கிறவன் மாதிரி, மனமில்லாமல்தான் எடுத்து வைப்பான். இத்தனையை வேண்டாமென்று சொல்கிறவனுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும் என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையில்தான் அவன் ஊரின் அம்பெய்யும் அணியில் இருந்தான். மற்றபடி அவன் விட்ட அம்பு இலக்குப் பலகையைத் தொட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது.

பத்தாம் மாதம் உறைபனி விழுந்து, மூங்கிலில் நீர் இறங்கிய பிறகு, ஆண்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கி விரல் பருமன் மூங்கில்களை வெட்டிக்கொண்டு வருவார்கள். நாடோ அடுப்படியில் உட்கார்ந்திருப்பான். அது அவன் மனைவி யாங்சுமின் வீடு. இந்தப் பக்கத்தில் கல்யாணம் ஆனால் ஆண்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். கூரை அவளுடையது, மாடு அவளுடையது, அடுப்பும் அவளுடையது. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் பரண் மட்டும் மூன்று மாதம் அம்புகளுக்காக நாடோவுக்குக் கிடைக்கும்.

மூங்கில் தேர்வைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்து வெற்றிலை மென்றுகொண்டு சுவரோரம் உட்கார்வார்கள். நாடோ ஒரு மூங்கிலை எடுப்பான். ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி ஒற்றைக்கண்ணால் பார்ப்பான். கட்டைவிரல் நகத்தில் நிறுத்திச் சுழற்றுவான். இரண்டு கையாலும் மெல்ல வளைப்பான். அடுப்புக்கல்லின் மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து விழவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்பான். பிறகு மூக்கால் ஒரு மூச்சு விட்டு, திரும்பிப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் வீசுவான். அந்த வீச்சுக்கு ஒரு முனகல் எழும்.

"பார்றா, எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது."

"உனக்குத் தெரிஞ்சா நீ ஏன் சுவத்தோரம் உக்காந்திருக்க?"

ஆறு வருடத்துக்கு முன்னால் நாடோவின் கண்ணுக்கு ஒரு கோளாறு வந்தது. நூற்றைம்பது கெஜம் தள்ளியிருக்கும் பலகையில் ஈ உட்கார்ந்தால் தெரிந்தது. கையில் இருக்கும் மூங்கிலில் விரிசல் ஓடினால் தெரியவில்லை. கண் முகாமில் ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிக்கு அடியில் புதைத்துவிட்டான்.

"போட்டாத்தான் என்ன?" என்றாள் யாங்சும்.

"கண்ணாடிக்காரன் எடுத்துக் குடுத்த அம்பை எவன் நாண்ல வைப்பான்?"

"குருடன் எடுத்துக் குடுத்ததை வைப்பானாக்கும்."

அந்த வருடம் அவன் எடுத்து வைத்த முதல் மூங்கிலையே அவள் வெண்ணெய்த் தேநீர் கடைந்துகொண்டே பார்த்தாள். "நடுக்கணுவுக்குக் கீழ விரிசல்" என்றாள். அவன் கவனிக்காதவன்போல அதைக் கல்லில் போட்டான். ஓட்டைச் சட்டி மாதிரிச் சத்தம் கேட்டது. அவன் அதைத் தூக்கி வீசி, "நடுக்கணுவுக்குக் கீழ விரிசல்" என்று கூட்டத்திடம் சொன்னான்.

அதன்பிறகு ஓர் ஏற்பாடு உருவாகிவிட்டது. கூட்டம் கலைந்ததும் நாடோ மாட்டைப் பார்க்கப் போவான். மாட்டைப் பார்க்க ஒன்றுமில்லை, பத்து வருடமாக அதே மாடுதான். ஆனாலும் வெகுநேரம் பார்ப்பான். திரும்பி வரும்போது அவன் எடுத்து வைத்ததில் பாதி வெளியே கிடக்கும். அவன் வீசியதில் கொஞ்சம் பரணில் ஏறியிருக்கும். எதுவும் நடக்காததுபோல இருவரும் சாப்பிட உட்கார்வார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண் கை பட்ட அம்பு பலகையைத் தொடாது என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆட்டத்துக்கு முந்தைய நாளே ஆண்கள் மனைவிமாரை விட்டுவிட்டு ஒரு கொட்டகையில் போய்த் தங்கிவிடுவார்கள். ஆட்டத்தன்று காலை, ஜோசியர் முன்னிலையில், வில்லின்மேல் கை வைத்து, எந்தப் பெண்ணும் இந்த அம்புகளைத் தொடவில்லை என்று நாடோ சத்தியம் செய்ய வேண்டும். ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தான். "என் கண்ணறிய" என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்துக்கொள்வான். அவன் கண் அறிந்ததெல்லாம் மாடுதான் என்பதால் அது பொய்யும் இல்லை. குரல் கணீரென்று இருக்கும். அந்த ஆறு வருடத்தில் கெமாலுங் நான்கு முறை ஜெயித்திருந்தது.

தோற்ற இரண்டில் ஒன்று போன வருடம் நடந்தது. கடைசி அம்பை விட்டவன் அணித்தலைவன் ரிஞ்சின். அவனே ஊர்ப் பிரதிநிதியும். வாயில் வெற்றிலையோடு நாணை இழுத்தான், சுண்ணாம்பு மூக்கில் ஏறித் தும்மினான். அம்பு ஒரு முட்டைக்கோஸ் பாத்தியில் இறங்கியது. அணித்தலைவன்மேல் குற்றம் சொல்ல முடியாதென்பதால் காரணம் தேவைப்பட்டது. ஜோசியர் சுவடியைப் புரட்டி, பகடையை உருட்டி, "அம்புல ஒரு பொம்பளை கை நிழல் தெரியுது" என்றார்.

யாருடைய கை என்று அவர் சொல்லவில்லை. ஊரில் எல்லா ஆண்களும் அவரவர் மனைவியின் கையைப் பார்த்தார்கள். நாடோ தரையைப் பார்த்தான்.

ரிஞ்சின் தலைநகர் திம்புவில் மூன்று நாள் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவன். அங்கே கொடுத்த நோட்டுப் புத்தகம் இன்னும் அங்கியின் மடிப்பில் இருந்தது. இந்த வருடம் பத்தாம் மாதம் ஊர்க்கூட்டத்தில் அதைப் பிரித்துவைத்துக்கொண்டு பேசினான்.

"மரத்தண்டு வாங்கிடலாம். டவுன்ல மரமில்லுல உருட்டிக் கடைஞ்சு குடுக்கறான். நூறு கேட்டா நூறும் ஒரே மாதிரி. கணு கிடையாது, கோணல் கிடையாது. எந்தப் பொம்பளை தொட்டாள்னு சந்தேகமும் கிடையாது, மெஷின்தான் தொட்டுது."

"மரத்துல நார் எங்க குறுக்க ஓடுதுன்னு வெளிய தெரியாது தம்பி" என்றான் நாடோ. "நாணை விட்ட உடனே முறிஞ்சு உன் கையிலயே ஏறும். கனம் வேற. பாதி வழியில படுத்துக்கும்."

"மூங்கில் உள்ள வெத்துதானே அண்ணே."

"உள்ள வெத்தா இருந்தாத்தான் தூரம் போகும். உன்னை திம்பு வரைக்கும் அனுப்பலையா?"

கூட்டம் சிரித்தது. ரிஞ்சினும் சிரித்தான். சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதினான். "சரி அண்ணே. இந்த வருஷமும் மூங்கிலே. ஜெயிச்சா நீங்க. தோத்தா அடுத்த வருஷம் மரம்."

அடுத்த வருடம் மரம் என்றால் தேர்ந்தெடுக்க ஆள் வேண்டாம். தேர்ந்தெடுக்க வேண்டாமென்றால், எட்டு வருடமாகப் பலகையைத் தொடாதவனுக்கு அணியில் என்ன வேலை? அணித்தலைவனுக்குப் பக்கத்து இருக்கை, கிண்ணங்களில் முதல் கிண்ணம், திடலுக்கு நடக்கும்போது வரிசையில் இரண்டாவது இடம் எல்லாம் போய்விடும். பல் போனவர்களோடு வேலியோரம் உட்கார்ந்து, அடித்தவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த வேலியோரம் நாடோவுக்குக் கனவில் வந்தது.

பயந்தவனுக்குப் பக்தி வரும். வீட்டுக்கு வந்ததும் யாங்சுமிடம் சொல்லிவிட்டான்.

"இந்தத் தடவை நீ கிட்ட வராத. நானே பார்த்துக்கறேன்."

"எதை வச்சுப் பார்ப்ப?"

"நாப்பது வருஷ அனுபவம்."

"அது முப்பத்திநாலோட முடிஞ்சு போச்சு. அப்புறம் ஆறு வருஷம் மாட்டைப் பார்த்த அனுபவம்."

"யாங்சும், ஜோசியர் நிழல் தெரியுதுன்னுட்டார்."

"தெரிஞ்சா சரி" என்றாள் அவள். "வீசறதையாவது நான் எடுத்துக்கலாமா? பன்னிக்கறி காயப்போடக் குச்சி வேணும்."

"அதை எடுத்துக்கோ. அது குப்பை."

இப்படியாக அந்த வருடம் நாடோ உண்மையிலேயே தனியாகத் தேர்ந்தெடுத்தான். கண்ணுக்குக் கீறலோ கணுவோ தெரியாததால் நிறத்தைப் பார்த்தான். மஞ்சளாக, வழவழப்பாக, பளபளவென்று இருந்ததெல்லாம் பரணில் ஏறியது. கறுத்து, புள்ளி விழுந்து, ஒல்லியாக இருந்ததெல்லாம் தோளுக்குப் பின்னால் பறந்தது. மூங்கில் என்பது முதல் வருடம் அழகாக இருக்கும், மூன்றாம் வருடம் பலமாக இருக்கும். புள்ளி விழுவதுதான் அது முற்றியதற்கு அடையாளம். இது யாங்சுமுக்குத் தெரியும். அவள் நெய்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு பார்க்கப் போன மாதிரிப் பார்க்கறியே" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் அவன் வீசியதையெல்லாம் பொறுக்கினாள். இரண்டு கட்டாகப் பிரித்தாள். மாடியில் ஒரு கட்டு மூங்கில்களில் பன்றிக்கறித் துண்டங்களைக் கோத்துத் தொங்கவிட்டாள். இன்னொன்றில் மிளகாயைக் காயப்போட்டாள்.

புத்தாண்டு கழிந்து பத்தாம் நாள் ஆட்டம். எதிரணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பாங்சோ ஊர். மூன்று ஆட்டம், இரண்டு நாள். இருபத்தைந்து புள்ளியை முதலில் எட்டுகிறவர்களுக்கு ஆட்டம். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. இரண்டை வென்ற ஊர் வென்ற ஊர். இந்த வருடம் திடலுக்குள் தென்மேற்கிலிருந்து நுழைய வேண்டும் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார். தென்மேற்கில் வாசல் இல்லை, சதுப்புதான் இருந்தது. பதினொரு பேரும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி வந்து சேர்ந்தார்கள். பாங்சோ ஆட்கள் வாசல் வழியாக வந்து ஏற்கெனவே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சத்திய நேரம் வந்தது. நாடோ வில்லின்மேல் கை வைத்தான். இந்த முறை "என் கண்ணறிய" தேவைப்படவில்லை. "எந்தப் பொம்பளையும் இந்த அம்பைத் தொடலை" என்றான். ஏழு வருடத்தில் முதல் முறையாக முழு உண்மையைச் சொன்னதால், பழக்கமில்லாமல் குரல் தடுமாறியது. ஜோசியருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

முதல் அம்பை ரிஞ்சின் விட்டான். அது புறப்படும்போது பலகையை நோக்கித்தான் புறப்பட்டது. பாதி வழியில் வாலை ஆட்டி, வேறு ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனது. இரண்டாமவன் அம்பு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாற்பதடியில் குத்தியது. மூன்றாவது நன்றாகப் பறந்தது, அடுத்த வயலுக்கு. ஓர் அம்பு நாணிலேயே பிளந்தது. முற்றாத மூங்கில் புகையில் காய்ந்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கோணியிருந்தது.

பலகை அருகில் நின்று எதிரணிக்காரர்கள் ஆடிப்பாடிக் கேலி செய்வது வழக்கம். அம்பு வரும்போது சட்டென்று விலகிக்கொள்ள வேண்டும், அதில்தான் வீரம். பாங்சோ அணித்தலைவன் ஷெங்கா பலகைக்கு முன்னால் ஒரு பாயை விரிக்கச் சொன்னான். அதில் சம்மணமிட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்தான்.

"இங்கதான்யா பயமில்லை. எல்லாரும் வாங்க, பலகைகிட்ட வாங்க. வேலியோரம் நிக்காதீங்க, ஆபத்து."

பாங்சோ பெண்கள் வரிசையாகக் கைகோத்து ஆடி, அங்கேயே கட்டிய பாட்டைப் பாடினார்கள். கெமாலுங் ஆண்கள் மாட்டுக்குக் குறிபார்க்கிறார்கள், பாவம் மாடு கன்று போட்டு நாலு நாள்தான் ஆகிறது என்று பாட்டு போனது. கெமாலுங் பெண்களுக்குப் பதில் பாட்டு வரவில்லை. சிலர் சிரிப்பை அடக்க முகத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். யாங்சும் மூடவில்லை.

முதல் ஆட்டம் இருபத்தைந்துக்கு நான்கு. அந்த நான்கு புள்ளியில் இரண்டு, அம்பு கல்லில் பட்டுத் துள்ளிப் பலகையில் விழுந்ததால் கிடைத்தது.

ரிஞ்சின் நாடோவின் பக்கத்தில் வந்து நின்றான். கோபப்படவில்லை. நோட்டைத்தான் எடுத்தான். "மரமில்லுக்காரன் பேரு என்னமோ சொன்னானே" என்று பக்கங்களைப் புரட்டினான்.

அப்போது இன்னும் வெயில் இருந்தது. பெண்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு வந்தார்கள். ஆட்டம் முடியும்வரை மனைவியோடு பேசக்கூடாது என்று விதி இல்லை, தங்கக்கூடாது என்றுதான் விதி. நாடோ சிவப்பரிசிச் சோற்றை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் குப்பை என்ன ஆச்சு?"

"எந்தக் குப்பை?"

"யாங்சும்."

"கறி தொங்குது. மிளகா தொங்குது."

"எதுல எது?"

அவள் சோற்றின்மேல் மிளகாய்க் குழம்பை ஊற்றினாள். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள். "கறி கனம். வளையாத குச்சிலதானே கறியைத் தொங்கவிடுவாங்க. மிளகாய்க்கு எது வேணா போதும்."

"நீ போய் எடுத்துட்டு வந்துடேன்."

"நானா? ஐயோ, என் கை படக்கூடாதேப்பா. மாடில ஏணி இருக்கு. நீயே ஏறு. கறியைத் தரையில போடாத, நாய் வரும்."

"ஏற்கெனவே உன் கைதானே பட்டிருக்கு."

"குப்பைமேல பட்டுது" என்றாள் யாங்சும். "அம்புமேல படலை. இன்னும் அது அம்பே ஆகலையே."

நாடோ ஒரு கணம் யோசித்தான். சாஸ்திரம் தெரிந்தவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று பட்டது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மாடியில் இருபத்தெட்டு மூங்கில்களில் கறி தொங்கியது. ஒவ்வொரு துண்டமாகக் கழற்றிப் பாயில் அடுக்கினான். மூங்கில்களைக் கீழே இறக்கி, ஒவ்வொன்றாக அடுப்புக்கல்லில் போட்டுப் பார்த்தான். இருபத்தெட்டும் மணி மாதிரி ஒலித்தன. ஒன்றைக்கூட வீச முடியவில்லை என்பது அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பெயருக்கு இரண்டை மட்டும் வீசிவிட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டான்.

கொட்டகையில் ரிஞ்சின் முகர்ந்து பார்த்தான்.

"அண்ணே, இது என்ன வாசனை?"

"கொழுப்பேத்தினது" என்றான் நாடோ. "மூணு மாசம் பன்னிக்கொழுப்பு சொட்டச் சொட்ட ஏறியிருக்கு. தண்ணி ஒட்டாது, காத்து வழுக்கிக்கிட்டுப் போகும். ரகசிய முறை. அவசரத்துக்குன்னு தனியா வச்சிருந்தேன்."

"அப்ப முதல் நாளே ஏன் குடுக்கலை?"

"எதிராளியை ஏமாத்தறதுக்கு."

பதினொரு பேரும் மரியாதையோடு தலையாட்டினார்கள். ரிஞ்சின் நோட்டைத் திறந்து, 'கொழுப்பு, மூன்று மாதம்' என்று எழுதி அடிக்கோடிட்டான். அவரவர் பழைய அம்பிலிருந்து இரும்பு முனையையும் இறகையும் கழற்றிப் புதிய தண்டில் பொருத்தினார்கள். விளக்கேற்றுவதற்குள் ஆளுக்கு இரண்டு அம்பு தயாராகிவிட்டது. ஜோசியர் இந்தப் புது அம்புகளுக்கும் சத்தியம் கேட்டார். நாடோ வில்லின்மேல் கை வைத்து, "என் கண்ணறிய" என்று தொடங்கினான். குரல் பழையபடி கணீரென்று வந்தது. ஜோசியர் திருப்தியாகத் தலையசைத்தார்.

மறுநாள் ஷெங்கா அதே பாயில் வந்து உட்கார்ந்தான். ரிஞ்சினின் முதல் அம்பு அவன் தலைப்பாகைக்கு ஒரு முழம் மேலே பலகையில் நின்று அதிர்ந்தது. பாயை அவன் எடுக்கவில்லை, பிறகு யாரோ எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. கெமாலுங் அம்பு ஒவ்வொன்றும் புறப்படும்போது பாங்சோ ஊர் நாய்கள் நான்கும் கூடவே ஓடின. தரையில் குத்திய அம்பை நக்கின. பலகையில் நின்ற அம்பைப் பார்த்துக் குரைத்தன.

"என்னய்யா இது, அம்பா, விருந்தா?" என்று கத்தினான் ஷெங்கா.

"உங்க ஊர் நாய்க்கே தெரியுது எங்க அம்பு எங்க போகும்னு. உனக்குத்தான் தெரியலை" என்றான் ரிஞ்சின்.

கெமாலுங் பெண்களுக்கு இப்போது பாட்டு வந்தது. பாங்சோ நாய்கள் கட்சி மாறிவிட்டன, சோறு போடாத வீட்டில் எத்தனை நாள் இருக்கும் என்று பாடினார்கள். முதல் குரல் யாங்சுமுடையது.

இரண்டாம் ஆட்டம் கெமாலுங்குக்கு வந்தது. மூன்றாவது இழுபறியாகப் போய், பிற்பகலில், இரண்டு ஊரும் இருபத்துமூன்றில் நிற்கும்போது, யாரும் எதிர்பார்க்காத ஒரு சோம்பல் ஆசாமி விட்ட அம்பு பலகையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பலகையை அடித்தவர்கள் இடுப்பில், அடிக்கு ஒன்றாக, வண்ணப் பட்டுத்துண்டுகள் தொங்கின. நாடோவின் இடுப்பில் எதுவும் தொங்கவில்லை. அவனுடைய இரண்டு அம்பும் வழக்கம்போல வேலிக்குத்தான் போயின, ஆனால் நேராகப் போயின. ரிஞ்சின் தன் துண்டுகளில் ஒன்றை உருவி அவன் தோளில் போட்டு, முதல் கிண்ணத்தை அவனிடம் நீட்டினான்.

"மரத்தைப் பத்தி நான் பேசினதை மறந்துடுங்க அண்ணே."

நாடோ மறந்துவிட்டதாகச் சொன்னான்.

அவ்வளவில் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வெற்றிக்கும் காரணம் வேண்டுமே. ஜோசியர் பகடையை உருட்டினார். போன வருடம் பெண் கை நிழல் விழுந்தது, தோற்றோம். இந்த வருடம் சத்தியத்தை மூன்று முறை சொல்ல வைத்தோம், நிழல் விலகியது, ஜெயித்தோம் என்று விளக்கினார். ஆகவே இனிமேல் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூங்கில் வெட்டிய நாளிலிருந்து ஆட்டம் முடியும் நாள்வரை, அம்பு தொங்கும் அடுப்படிக்குள் பெண்கள் காலே வைக்கக்கூடாது.

ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். பெண்கள் எதிர்ப்பார்கள் என்று ரிஞ்சின் மூன்று காரணம் எழுதி வைத்திருந்தான். பெண்கள் எதிர்க்கவில்லை. ஆண்களுக்கு முன்னாலேயே தூக்கிவிட்டார்கள். அந்த வேகம் அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அதன் பொருள் அடுத்த பத்தாம் மாதம்தான் புரிந்தது. ஜெயித்த அம்புகள் ஆளுக்கு இரண்டாகப் பதினொரு வீட்டிலும் அடுப்புக்கு மேலேதானே தொங்கின? பதினொரு ஆண்களும் அடுப்பூதினார்கள். பெண்கள் வெயிலில் தறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வேளாவேளைக்கு ஜன்னல் வழியாகக் கிண்ணத்தை நீட்டினார்கள்.

"உப்பில்லை" என்பாள் யாங்சும். "பாலாடைக்கட்டி கருகிப்போச்சு. பரவால்ல, நாளைக்குச் சரியாப் பண்ணு."

"நீ உள்ள வந்து ஒரு நிமிஷம் சொல்லிக் குடுத்தா என்ன?"

"தீர்மானம் போட்டிருக்கே."

மூங்கில் தேர்வு நாள் வந்தது. சுவரோரம் கூட்டம் நிறைந்தது. முன்வரிசையில் ரிஞ்சின் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். இந்த முறை கூட்டம் கலைந்தாலும் அவன் போகப்போவதில்லை, முறையை முழுதாக எழுதிக்கொள்ளப் போகிறான் என்று சொல்லிவிட்டான். மாட்டைப் பார்க்கப் போக வழியில்லை. போனாலும் உள்ளே வர யாங்சுமுக்கு அனுமதியில்லை. நாடோ முதல் மூங்கிலை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தான். கல்லில் போட்டான்.

வெளியே, ஜன்னலுக்கு நேர் கீழே, யாங்சும் முதுகில் தறிவாரைக் கட்டிக்கொண்டு நெய்துகொண்டிருந்தாள். தறிக்கட்டை இரண்டு முறை தட்டியது.

நாடோவின் காது ஜன்னல் பக்கம் திரும்பியது. பிறகு மூக்கால் மூச்சு விட்டு, தோளுக்குப் பின்னால் வீசினான். முனகல் எழுந்தது.

அடுத்ததைப் போட்டான். ஒரே தட்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்து வைத்தான்.

முப்பது மூங்கில்வரை இப்படியே போயிற்று. நாடோவின் தோள் நிமிர்ந்தது, வீச்சில் பழைய அலட்சியம் வந்தது. தறிச் சத்தம் கேட்கும்போது தேர்வும் நன்றாக நடக்கிறது என்று ரிஞ்சின் எழுதிக்கொண்டான்.

முப்பத்தோராவது மூங்கிலை நாடோ உயர்த்திப் பிடித்தான். கல்லில் விழவிட்டான். காதைச் சாய்த்தான்.

வெளியே யாரோ பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தாள். பாக்கு வெட்டும் சத்தமும், யாருடைய மருமகனோ யாரோடோ போய்விட்டதைப் பற்றிய பேச்சும் கேட்டன. தறி நின்றிருந்தது.

நாடோ மூங்கிலை மறுபடி எடுத்து மறுபடி விழவிட்டான், கொஞ்சம் பலமாக.

"ஆமாமா, அப்புறம்?" என்றாள் யாங்சும் வெளியே.

இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அடுப்பில் சோறு அடிபிடிக்கும் வாசனை வந்தது. நாடோ மூங்கிலை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்களை மூடிக்கொண்டான்.

"பேசாதீங்க" என்று கிசுகிசுத்தான் ரிஞ்சின். "அண்ணன் மூங்கிலோட பேசறாரு."

கூட்டம் தலைகுனிந்தது. வெளியே கதை நீண்டுகொண்டே போனது. கை வலித்தாலும் நாடோ அசையவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி எழுந்துபோகும் சத்தம் கேட்டது. யாங்சும் தொண்டையைச் செருமி, தறிவாரை இழுத்துக் கட்டி, நிதானமாக இரண்டு முறை தட்டினாள்.

மூங்கில் தோளுக்குப் பின்னால் பறந்தது.